பாசியின் பச்சை

தியாகராசனுக்குப் பால் தெளித்துவிட்டு வந்த அன்றைக்கே அவருடைய தம்பி ராஜராஜன் வடிகாலை மூடினான். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் வேண்டும் என்றான்.

வலங்கைமானுக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரில் ரோடு ஒரு பேருந்துக்குத்தான் அகலம். ஒரு பக்கம் வீடுகள், எதிர்ப்பக்கம் தியாகராசனின் வயல். வயலுக்கும் ரோட்டுக்கும் நடுவே அந்த வடிகால். மேலண்டை வயல்களின் மிச்சத் தண்ணீரையும் தியாகராசன் வயலின் மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு, ரோட்டுக்கு அடியில் உள்ள சின்னப் பாலத்தில் நுழைந்து ஆற்றுக்குப் போகும். ஐப்பசி மாதத்தில் ஒருவன் அதை மண்ணும் செங்கல் கட்டையும் போட்டு மூடுகிறான் என்றால் அவனுக்கு விவசாயம் தெரியாது என்று அர்த்தம். ராஜராஜனுக்கோ விவசாயம் தெரிந்தவன் என்று ஊரில் பெயர். சிங்கப்பூரில் கட்டட வேலைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன், திரும்பி வந்த மறுநாளிலிருந்து டீக்கடையில் உட்கார்ந்து உரம் பற்றிப் பேசினான். பெயர் வாங்க அது போதுமானதாக இருந்தது.

தியாகராசனின் மனைவி ஷோபனா இதையெல்லாம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தாள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவள் தெருவில் கால் வைக்கக்கூடாது. அப்படிச் சொன்னவர்கள் வீட்டுக்குள் கூடியிருந்த பெண்கள். அவர்களில் பாதிப் பேரை அவள் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்ததே இல்லை. மாடிக்கு மட்டும் போகலாம், அதுவும் துணி காயப்போட. மழைக்காலத்தில் துணி காயாது என்பதால் அவள் அடிக்கடி போக வேண்டியிருந்தது.

சாவுக்கு ஜனங்கள் வருவது செத்தவரைப் பார்க்க என்று அவள் அதுவரை நினைத்திருந்தாள். தங்கள் காரை மற்றவர்கள் பார்க்க என்பது அந்த வாரத்தில்தான் தெரிந்தது. வந்தவர்கள் கார் நின்ற இடத்தைப் பற்றி முதலில் பேசினார்கள். நல்லவேளை ராஜா இடம் பண்ணி வைத்திருக்கிறான், போன தடவை ஒரு சாவுக்குப் போய்ப் பக்கவாட்டில் கோடு விழுந்துவிட்டது என்றார்கள். பிறகுதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே வந்தார்கள். உள்ளே வந்து, தியாகராசன் குடிப்பாரா என்று சுற்றிவளைத்துக் கேட்டார்கள். ஈரல் கெட்டுச் செத்தவன் குடிக்காமல் இருந்திருக்க முடியாது என்பது அவர்களுடைய மருத்துவம். தியாகராசன் வாழ்நாளில் குடித்தது டீ. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து ஈரலைத் தின்றது என்று டாக்டர் சொன்னதை அவள் முதல் இரண்டு பேரிடம் சொன்னாள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. வானம் கரிச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி கிடந்தது. குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது, அதன்மேல் நட்ட தாளடிப் பயிர் அது. தியாகராசன் கடைசியாக நின்று நட்டது. நடவு முடிந்த சாயங்காலம்தான் கால் வீங்கியிருப்பதை அவளிடம் காட்டினார். அந்தப் பயிர் இப்போது முழங்காலளவு தண்ணீரில் நின்றது. முதலில் நுனி வெளுத்தது. பிறகு அடியிலை மஞ்சளாகி, மஞ்சளில் துரு மாதிரிப் புள்ளி விழுந்தது. தூர் கட்டி அகலவேண்டிய குத்துகள் நட்ட அன்று இருந்ததைப் போலவே மூன்று நான்கு இலையுடன் விறைத்து நின்றன. புருஷன் போய்விட்டார், அதற்கு அவள் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் நட்டதும் சாகக்கூடாது. அந்த இரண்டு வாரமும் அவள் மனத்தில் உருப்படியாக நின்ற எண்ணம் அது ஒன்றுதான்.

கொல்லைப்பக்கமாக அம்சம் வந்தாள். அம்சமும் அவள் புருஷன் செல்லதுரையும் ஒரு காலத்தில் இந்த வயலில் கூலிக்கு நின்றவர்கள். இப்போது மேலண்டையில் சொந்த வயல், மகன் புகழேந்திக்குச் சொந்தமாக ஜேசிபி. அதெல்லாம் வந்தும், துக்கம் கேட்க வந்தவளுக்குக் காகிதக் கப்பில் டீ வந்தது. மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். அம்சம் அந்தக் கப்பை வாங்கி, குடிக்காமல், கிணற்றடிச் சுவரில் வைத்தாள்.

"ஏம்மா ஷோபனா, ஒங்க வூட்டுக் காரியத்துக்கு எங்க வயலும் சேந்து முழுவணுமா?"

பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் உள்ளே இருந்த பெண்களுக்குப் புருவம் ஏறியது. ஷோபனா கொல்லைப்படியில் உட்கார்ந்து, அவளையும் உட்காரச் சொன்னாள்.

"வடிகால மூடுனது என் மவன் மிசினுதான். குழா வச்சு மூடப்போறோம்னு ஒங்க கொழுந்தன் சொன்னாரு. அத நம்பி மண்ணத் தள்ளிட்டு வந்திருக்கான் அறிவுகெட்டவன். குழாயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சொந்த ஆத்தா வயலத் தானே முழுவடிச்சுட்டு, ஆயில் மாத்தணும்னு நிக்கிறான்."

"தம்பிகிட்ட கேட்டீங்களா அம்சக்கா?"

"கேட்டேன். செத்தவருக்கு மரியாத செய்ய வுடமாட்டியாங்குறாரு."

ஷோபனா ராஜராஜனைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் பந்தலில் நாற்காலி போட்டு, யார் யாருக்குக் காரியப் பத்திரிகை போய்ச் சேர்ந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தான். வர நேரமாயிற்று. அவள் சொன்னதை முழுக்கக் கேட்காமலே தலையாட்டினான்.

"அண்ணி, காரியம் முடியட்டும். நீங்க உள்ள இருங்க. பயிர நான் பாத்துக்கிறேன்."

அவன் பார்த்துக்கொண்ட விதத்தையும் அவள் மாடியிலிருந்து பார்த்தாள். ரோட்டில் நின்றபடி வயலை செல்போனில் படம் எடுத்தான். வேட்டி நனையும் என்பதால் வரப்பில் இறங்கவில்லை. அந்தப் படத்தோடு வலங்கைமானில் குணசேகரனின் உரக்கடைக்குப் போனான். கவிப்ரியாவும் வேறு எதற்கோ அதே காரில் போயிருந்தாள். கவிப்ரியா ஷோபனாவின் ஒரே மகள், துபாயிலிருந்து வந்திருந்தாள். கடையில் நடந்ததை அவள்தான் வந்து சொன்னாள். குணசேகரன் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, சத்து இல்லை என்றாராம். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேட்கவில்லை. வேரைப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. வாங்குகிறவனுக்கு அவசரம், விற்கிறவனுக்கு அதைவிட அவசரம். யூரியா, டிஏபி, கூடவே வேருக்கு டானிக் என்று ஒரு பச்சை பாட்டில்.

"அங்கிள் ரொம்ப நம்பிக்கையா பேசுனாரும்மா," என்றாள் கவிப்ரியா.

ஷோபனா கும்பகோணத்தில் தாவரவியல் படித்தவள். அந்தப் படிப்பை ஒரு நாளும் வேலைக்குக் கொண்டுபோனதில்லை. முப்பது வருடமாக அது உபயோகப்பட்டது தியாகராசனோடு சண்டை போட மட்டும். தியாகராசன் ஒன்றும் மேதை இல்லை. பக்கத்து வயல் தன் வயலைவிட ஒரு சாயல் பச்சையாக இருந்துவிட்டால் அவருக்கும் சோறு இறங்காது, யூரியா மூட்டையைத் தேடுவார். தண்ணீர் நிற்கிற வயலில் போடாதீர்கள் என்று அவள் கத்துவாள். "ஆரம்பிச்சுட்டாங்கய்யா பாட்டனி," என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார். ஆனால் மறுநாள் விடிந்ததும் வயலில் இறங்கி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒரு குத்தைப் பிடுங்கி வேரை மோந்து பார்ப்பார். மோந்துவிட்டுக் கையைக் கைலியில் துடைத்துக்கொள்வார். அன்று யூரியா போகாது, மடைதான் திறக்கும். வீட்டுக்கு வந்து அவளிடம் எதுவும் சொல்லமாட்டார். அவளும் மாடியிலிருந்து பார்த்ததைச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்த ஆண்களில் தான் போடவிருந்த தப்பை மோந்து பார்த்துக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான்.

விஷயம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மண்ணுக்குள் தாள் அழுகுகிறது. அது இருக்கிற கொஞ்சநஞ்சக் காற்றையும் தின்றுவிடுகிறது. தண்ணீர் வடிந்து மாறினால் சமாளிக்கும், கட்டுக்கிடையாகக் கிடந்தால் விஷவாயு ஊறி வேர் கறுத்துப்போகும். கறுத்த வேர் எதையும் உறிஞ்சாது. மேலே வெயிலும் இல்லை. இலை ஆவி விட்டால்தானே வேர் தண்ணீரை இழுக்கும், தண்ணீரோடு சத்தை இழுக்கும்? மண்ணில் இருக்கிற துத்தநாகம்கூட அந்தச் சேற்றில் இறுகிப்போய்ப் பயிருக்குக் கிடைக்காது. துருப் புள்ளி அதைத்தான் சொல்கிறது. சுற்றிலும் சோறு இருக்கிறது, தின்கிற வாய்தான் அடைந்து கிடக்கிறது. அதற்குமேல் ஒருவன் மூட்டை மூட்டையாகச் சோற்றைக் கொட்டுகிறான்.

இதே காட்சியை அவள் மூன்று வாரம் முன்னால் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தாள். தியாகராசனுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. டாக்டர் ஊசி வைத்து வடித்தார். உப்பு ஆகாது, தண்ணீரும் அளந்துதான், கண்டதையும் கொடுக்காதீர்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பார்க்க வந்தவர்களுக்கு வயிறு தெரியவில்லை, ஒட்டிய கன்னம் மட்டும் தெரிந்தது. ஆள் இளைத்துவிட்டான், சத்து இல்லை என்றார்கள். ஹார்லிக்ஸ் வந்தது, மாதுளை வந்தது. அவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரம் பார்த்து ராஜராஜன் பிளாஸ்கில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து ஊற்றிவிட்டான். நல்ல உப்பும் மிளகுமாக. அந்தச் சூப்பால் செத்தார் என்று சொல்ல முடியாது, எப்படியும் செத்திருப்பார். ஆனால் கடைசி நான்கு நாளும் வயிறு பானையாக உப்பி, படுக்க முடியாமல், மூச்சுக்குத் தவித்துக்கொண்டு போனார். தம்பி எவ்வளவு பாசமாக ஊட்டினான் என்று ஊரில் இன்றைக்கும் பேச்சு.

மழை விட்ட இடைவெளியில் கூலிக்கு ஆள் வைத்து உரத்தைத் தண்ணீரில் வீசினார்கள். ராஜராஜன் பாட்டிலை மட்டும் தன் கையாலேயே மடையருகில் ஊற்றினான். சாமிக்கு அபிஷேகம் செய்கிறவன் முகத்தோடு ஊற்றினான்.

அவனுக்கு என்ன அவசரம் என்பதும் மெல்லத் தெரிந்தது. காரியத்தன்று சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து வீட்டு விஷயம் பேசுவார்கள். வயலை இனி யார் பார்ப்பது என்ற பேச்சு வரும். அன்றைக்கு வயல் ரோட்டிலிருந்து பார்க்கப் பச்சையாக இருக்க வேண்டும். அண்ணன் செத்து, கவனிப்பில்லாமல் வெளுத்த பயிரைத் தம்பி மீட்டான் என்று அவர்களே சொல்ல வேண்டும். அவன் மனைவி அடுப்படியில் இதை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். கவிப்ரியாவும் அதைத்தான் சொன்னாள், வேறு மாதிரி.

"சித்தப்பாவே பாத்துக்கட்டுமேம்மா. நீ என்கூட வந்து கொஞ்ச நாள் இரு. இந்தச் சேத்துல தனியா நின்னு என்ன செய்யப்போற?"

"முதல்ல பயிர் பொழைக்கட்டும் கவி. அப்புறம் யாரு பாக்குறதுன்னு பாப்போம்."

"உரம் போட்டுட்டாங்கல்ல, பொழச்சுரும்."

பெற்ற பெண்ணையும் ஷோபனா அந்த நிமிடம் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தாள். அப்புறம் அதற்காக வருத்தப்பட்டாள். ஆனால் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

உரம் வீசியபின் வானம் வெளுத்தது. நல்ல வெயில். தண்ணீர் அசையாமல் வெந்நீர் மாதிரிக் கிடந்தது. காரியத்துக்கு முந்தின நாள் காலையில் மாடிக்குப் போனவள் வயலைப் பார்த்துத் திகைத்தாள். வரப்புக்கு வரப்பு பச்சை. ஒரு கணம் தான் படித்ததும் சண்டை போட்டதும் எல்லாம் பொய்யோ என்றுகூடத் தோன்றியது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உற்றுப் பார்த்தாள். பயிர் அப்படியேதான் நின்றது, அதே துருவேறிய மஞ்சளில். பச்சையாக இருந்தது தண்ணீர். டிஏபியும் யூரியாவும் தின்று பாசி பொங்கிப் படர்ந்து, குத்துகளின் கழுத்துவரை போர்வை போர்த்தியிருந்தது. போட்ட உரம் ஒன்றும் வீண்போகவில்லை. வாய் இருந்த ஜீவன் தின்றுவிட்டது.

அன்று மத்தியானம் கொல்லைப்பக்கம் அம்சத்தை வரச்சொல்லி, நாளைக்கு உங்கள் பிள்ளையின் வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டாள். அம்சம் ஒன்றும் திருப்பிக் கேட்கவில்லை. ரோட்டு முனையில் நிற்கும், காதைப் பிடித்து நிறுத்தி வைக்கிறேன் என்றாள்.

காரியத்தன்று விடிவதற்கு முன்பே செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். பூவை எடுத்தார்கள், வளையலை உடைத்தார்கள், பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தினார்கள். அழுதவர்கள் முறை வைத்து அழுதார்கள். ஷோபனாவுக்கு அழுகை வரவில்லை, அதையும் ஒருத்தி குறித்துக்கொண்டாள். பத்து மணிக்குமேல் கார்கள் வரத் தொடங்கின. மூடிய வடிகாலின்மேல் வரிசையாக நின்றன. தியாகராசனின் தாய்மாமன், திருத்துறைப்பூண்டி மாமா, பெரிய வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சாப்பாடு முடிந்து, பந்தலில் ஜமக்காளம் விரித்து, வெற்றிலைத் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஷோபனா கூடத்து வாசற்படிக்கு உள்பக்கம் பாயில் இருந்தாள்.

மாமா வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டே ஆரம்பித்தார்.

"வயலப் பாத்தேன் ராஜா. கார்லேந்து எறங்குறப்பவே கண்ணுக்குக் குளுமையா இருந்துச்சு. வெளுத்துக் கெடந்துச்சுன்னு சொன்னாங்க. இந்தக் கொஞ்ச நாள்ல பச்ச கட்டிட்டியே."

ராஜராஜன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் அவனுக்கு நன்றாக வரும். கும்பகோணத்தில் பாங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், இந்தப் பக்கம் இவ்வளவு பச்சையான வயலைப் பார்க்கவில்லை என்றார். இன்னொருவர் மண்ணின் ராசி என்றார். எல்லோரும் நெல் தின்று வளர்ந்தவர்கள். அப்பனும் பாட்டனும் உழுதவர்கள். ரோட்டைத் தாண்டிப் பத்தடி நடந்து பார்க்க அங்கே ஒருவருக்கும் கால் வரவில்லை. கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்த பாசிக்குப் பாராட்டு நடந்துகொண்டிருந்தது.

பிறகு மாமா விஷயத்துக்கு வந்தார். ஷோபனா பெண்பிள்ளை, தனியாள். கவி வெளிநாட்டில். அண்ணன் பங்கையும் தம்பியே சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும், வருகிறதை அவனே பார்த்து அண்ணிக்குக் கொடுப்பான் என்றார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தார். வாசற்படிப் பக்கம் பார்க்கவில்லை.

ஷோபனா எழுந்தாள். கோடிச் சேலையோடு ஜமக்காளத்தின் ஓரமாக நடந்து பந்தலைத் தாண்டினாள். ராஜராஜன் பாதி எழுந்து, எங்கே போகிறீர்கள் அண்ணி என்றான். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், இன்றைக்கே வெளியில் இறங்குகிறாளே என்றது. அவள் இரண்டு கார்களுக்கு நடுவே நுழைந்து வரப்பில் ஏறி, சேலையை முழங்காலுக்குச் சொருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். பாசி காலில் வழுவழுவென்று சுற்றிக்கொண்டது. குனிந்து ஒரு குத்தைப் பிடித்து இழுத்தாள். இழுக்க வேண்டியிருக்கவில்லை. ஆடுகிற பல் மாதிரிக் கையோடு வந்தது.

திரும்பி வந்து அதைத் தாம்பாளத்தில் வெற்றிலைக்குமேல் வைத்தாள். சேறு சொட்டியது.

"மோந்து பாருங்க மாமா."

மாமா குனிந்தார், சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார். அழுகிய முட்டை நாற்றம் பந்தலுக்குள் பரவியது. வேர் மயிர்க்கட்டு எரிந்த மாதிரி கருகருவென்று கிடந்தது.

"நீங்க பாத்த பச்ச தண்ணியில பூத்த பாசி. பயிரு இதுதான்."

ராஜராஜன்தான் பேசினான். அவனால் பேசாமல் இருக்க முடியாது.

"உரம் புடிக்க நாளாவும் அண்ணி. இன்னொரு மூட்டை விட்டா..."

"வேர் செத்துக் கெடக்கு தம்பி. யாருக்கு ஊட்டுறீங்க? ஆஸ்பத்திரியிலயும் வடிக்கச் சொன்னாங்க, நீங்க ஊட்டுனீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. கவிப்ரியா சித்தப்பாவைப் பார்த்தாள். சூப் விஷயம் அவளுக்கு அதுவரை தெரியாது. ராஜராஜனின் முகத்தில் என்ன வந்தது என்று ஷோபனா பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை.

"என் வயல நானே பாத்துக்குறேன் மாமா. வந்தவங்கள காரை எடுக்கச் சொல்லுங்க. வடிகால வெட்டப் போறேன்."

யாரும் காரை எடுக்கவில்லை. துக்கத்தில் பேசுகிறாள், படுக்க வையுங்கள் என்றார் பாங்கில் இருந்தவர். அதற்குள் ரோட்டு முனையிலிருந்து ஜேசிபி நகர்ந்து வந்தது. முன்னால் அம்சம் கையைக் காட்டிக்கொண்டு நடந்தாள், கோயில் யானையைக் கூட்டிவருகிற மாதிரி. புகழேந்தி கார்கள் இல்லாத பாலத்துப் பக்கம் வண்டியை நிறுத்தி, ஷோபனாவைப் பார்த்து, "மூடுனவன் நான்தான்க்கா, நானே தொறந்து விட்டுர்றேன்," என்றான். முகத்தில் வெட்கம் இருந்தது. அந்த வீட்டு வாசலில் அன்றைக்கு வெட்கப்பட்ட ஆள் அவன் ஒருவன்தான்.

முதல் இரண்டு வாளி மண்ணை எடுத்ததும் தண்ணீர் தானே வேலையை ஏற்றுக்கொண்டது. தேங்கிக் கிடந்தது அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. போட்ட மண் கட்டியாக இருந்திருந்தால் நின்றிருக்கும். ராஜராஜன் போட்டது மேலாகப் பரப்பிய மண், உள்ளே செங்கல் கட்டையும் வெற்றிடமும். அது கீழிருந்து கரைந்தது. அப்போதுதான் பந்தலில் அத்தனை பேருக்கும் காலில் உயிர் வந்தது. செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். வயலைப் பார்க்கப் பத்தடி நடக்காதவர்கள் காரைப் பார்க்க ஐம்பதடி ஓடினார்கள். பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். மாமாவின் வெள்ளைக் கார் மட்டும் பின்சக்கரத்தை இறக்கி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைச் சங்கிலி போட்டு இழுத்ததும் புகழேந்தியின் வண்டிதான். அதற்குள் பாசி முழுவதும் வடிகால் வழியே வந்து மாமாவின் பம்பரில் தோரணம் கட்டியிருந்தது. போகும்போது அவர் ஷோபனாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

தண்ணீர் வடிந்ததும் பயிர் எழுந்துவிடவில்லை. வடிந்த வயல் பார்க்க இன்னும் கோரமாக இருந்தது. மிச்சப் பாசி சேற்றில் படிந்து, காய்ந்து, பழைய சாக்கு மாதிரி உரிந்தது. நாற்றம் வீடுவரை வந்தது. ஒன்றும் போடாமல் சும்மா விட்டாள். ஊரில் எல்லோருக்கும் பொறுக்க முடியாதது அதுதான். கைப்பிடி யூரியா போட்டால் என்ன என்று ரோட்டில் போகிறவர்களெல்லாம் கேட்டார்கள். மண் மயிர்க்கோடாக வெடிக்கும்வரை காயவிட்டாள். தினம் விடிந்ததும் வயலில் இறங்கி ஒரு குத்தைப் பிடுங்கி மோந்து பார்த்தாள். கறுப்பு, நாற்றம். மறுநாளும் அப்படித்தான். அவளுக்கே சந்தேகம் வந்தது. ரோட்டோரப் பள்ளத்தில் இருந்த பயிர் போயே போய்விட்டது. அங்கே முழுசாக ஒரு திட்டு வெறும் சேறாகக் கிடந்தது. கவிப்ரியா பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். ஏன் என்று சொல்லவில்லை. காலையில் அம்மாவோடு வரப்புவரை வந்து நிற்பாள். செருப்பைக் கழற்றமாட்டாள்.

ஒரு நாள் பிடுங்கிய குத்து உடனே வரவில்லை, பிடித்து இழுத்துத்தான் வந்தது. கறுத்த வேர்க்கட்டுக்கு மேலே, கணுவிலிருந்து, நூல் நூலாக வெள்ளை வேர் விட்டிருந்தது. மோந்தாள். சேற்று வாசனை, அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் ஜிங்க் சல்பேட்டும் கொஞ்சம் யூரியாவும் கரைத்து, அம்சத்தின் தெளிப்பானை வாங்கி, இலைமேல் அடிக்கச் சொன்னாள். மார்கழி பிறக்கும்போது பயிர் தூர் கட்டி நிறம் திரும்பியிருந்தது. கரும்பச்சை இல்லை, வெளிர்ந்த பச்சை. டீக்கடையில் அது போதாது என்று அபிப்பிராயம்.

அந்தச் சமயத்தில் ஒரு காலை, வயலோரம் ராஜராஜனின் கார் நின்றது. கூட உரக்கடை குணசேகரன். இரண்டு பேரும் வரப்பில் ஏறி நின்றார்கள். பயிர் பின்னால் தெரியும்படி குணசேகரன் அந்தப் பச்சை பாட்டிலை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ராஜராஜன் செல்போனில் படம் எடுத்தான். கடை வாட்ஸப்பில் போடுவதற்காம். வெள்ளத்தில் போன வயலை மீட்ட டானிக். காரியத்தன்று நடந்ததெல்லாம் அவன் நினைவிலிருந்து வடிந்து போயிருந்தது. ஷோபனாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா அண்ணி? அன்னிக்குப் போட்டது இப்பதான் வேல செய்யுது. நான் சொன்னேன்ல, புடிக்க நாளாவும்னு."

ஷோபனா ரோட்டோரத்துச் செத்த திட்டைக் காட்டினாள்.

"அங்க நின்னு ஒண்ணு எடுத்துக்குங்க தம்பி. அங்கயும் நீங்கதான் போட்டீங்க."

இரண்டு பேரும் திரும்பி அந்தத் திட்டைப் பார்த்தார்கள். அது மண்ணு சரியில்லைங்க என்றார் குணசேகரன், துளிக்கூடத் தயங்காமல். ராஜராஜன் ஆமாம் என்று தலையாட்டினான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தியாகராசன் போனபிறகு முதல் தடவை. வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு, பொத்தியும் அடங்காமல், வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அண்ணிக்கு உடம்பு சரியில்லையோ என்று ராஜராஜன் குணசேகரனிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. அவர்கள் போன பிறகும் சிரிப்பு மிச்சம் இருந்தது. மண்ணு சரியில்லையாம் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போனாள். கூடத்தைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, கிணற்றடிவரை வந்துவிட்டாள். இந்த நேரத்துக்கு அவர் அங்கேதான் நின்று கால் கழுவிக்கொண்டிருப்பார்.

வாளி கவிழ்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தி வைத்தாள். பிறகு வயலுக்கே திரும்பிப் போய், மேல்மடையைப் பார்த்துவிட்டு, ஒரு குத்தைப் பிடுங்கி மோந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.